இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால்

அந்த மெஷினுக்கு முன்னால் போகத்தான் தெரியும், பின்னால் வரத் தெரியாது. வாயில் வைத்த தாளைப் பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான். இழுத்தாலும் விடாது, கெஞ்சினாலும் விடாது. சாந்தமேரி இரண்டையும் செய்து பார்த்தாள். இருக்கிற பட்டனையெல்லாம் மாற்றி மாற்றி அமுக்கினாள். பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கினால் தாள் உள்ளேயே மாட்டிக்கொண்டு வெந்துபோகுமே என்று பதறி மறுபடியும் செருகினாள். அந்தப் பக்கம் தாள் திருவிழாச் சப்பரம் மாதிரி அவசரமே இல்லாமல் ஆடி அசைந்து வெளியே வந்தது. வந்த இடமெல்லாம் கறுப்பு.

லேமினேட்டிங் மெஷின் அவளுடையது இல்லை, கோயிலுடையது. பிரிக்பீல்ட்ஸ் கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் அவள். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு ஜெப அட்டை போட வேண்டும் என்று கோயில் ஆபீஸிலிருந்து அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஜெப அட்டைகள் கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தன. மெஷின் சூடாக இருக்கிறதே, சும்மா விடுவானேன் என்றுதான் கணவர் ரபேலின் ரசீதுகளை எடுத்தாள். இந்த வீட்டில் லேமினேட் ஆகாதது எதுவும் கிடையாது. பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், மகள் ஷார்மைன் ஓட்டப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த சான்றிதழ், பிளாட்டின் குப்பை வண்டி வரும் நாள், எல்லாம் பிளாஸ்டிக்குக்குள் பத்திரமாகப் படுத்திருந்தன. வருமான வரிக்கு வைத்திருக்கும் ரசீது மட்டும் என்ன பாவம் செய்தது?

எல்லாவற்றையும் ஒரே பெரிய உறைக்குள் வகுப்புப் படம் மாதிரி வரிசையாக அடுக்கினாள். கிளினிக், மருந்துக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, கிள்ளான் ஆஸ்பத்திரி கவுண்டரில் கட்டக் கட்டக் கொடுத்த வழவழத் துண்டுகள். அந்த வழவழத் தாளில் மை கிடையாது, சூடு பட்டுத்தான் எழுத்தே வருகிறது, இன்னும் சூடு பட்டால் தாள் முழுக்க எழுத்தாகிவிடும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? மெஷின் சொல்லிவிட்டது. கடைசி அங்குலமும் வெளியே விழுந்தபோது, ரபேலின் ஒரு வருஷத்து ரசீது முழுவதும் தார் ரோடாகக் கிடந்தது.

சாந்தமேரிக்கு நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ரசீது போனதற்கா இவ்வளவு பயம் என்று கேட்பவர்களுக்கு ரபேலைத் தெரியாது. மனிதர் தங்கமானவர்தான். குடிக்க மாட்டார், ஊர்வம்பு கிடையாது, பூசைக்கு முதல் மணி அடிக்கும் முன் போய் உட்காருவார். ஆனால் ஏப்ரல் மாதம் பிறந்தால் போதும், ஆளே மாறிவிடுவார். பல வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை வரி ஆபீஸில் கூப்பிட்டு, வரிக்கழிவு கேட்ட செலவுக்கெல்லாம் ரசீது எங்கே என்று கேட்டார்கள். பாதி ரசீது இல்லை. அபராதம் கட்டிவிட்டு வந்தார். கட்டிய காசு அவருக்குப் பெரிதில்லை, பொய்க் கணக்கு எழுதியவன் மாதிரி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரே, அந்த மானம்தான் பெரிது. அன்றிலிருந்து ஏப்ரல் வந்தால் வீட்டில் அலமாரி அலமாரியாகக் கவிழும். கத்துவார், தேடுவார், மறுபடி கத்துவார்.

போன ஏப்ரலிலும் அப்படித்தான். தேடின ரசீது கிடைத்தே விட்டது. எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள். எழுத்தெல்லாம் தானாக வெளுத்துப் போயிருந்தது. "எழுத்தே இல்ல மேரி. வெச்சது வெச்ச இடத்துல இருக்கு, எழுத்தக் காணோம். யாரு திருடிக்கிட்டுப் போனா?" என்று ராத்திரி வரைக்கும் கத்தினார். மறுநாள் காலை போர்ட் கிள்ளானில் வேலை இடத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லோரிக்குப் பக்கத்தில் விழுந்தார். கூட வேலை செய்தவர்கள் கிள்ளானில் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தக்குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். "டென்ஷன் ஆகக்கூடாது, இன்னொரு தடவ வந்தா எங்க கையில இல்ல" என்று டாக்டர் சாந்தமேரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

அந்த வார்த்தை ஒரு வருஷமாக அவள் கூடவே நடமாடுகிறது. குழம்பில் உப்புக் கூடினால் பயம், கேஸ் பில் கூடினால் பயம், மேல்வீட்டுக்காரன் சுவரில் ஆணி அடித்தால்கூட இவர் கத்திவிடுவாரோ என்று பயம். எழுத்து வெளுத்துப் போய்த்தானே போன வருஷம் நெஞ்சு வலி வந்தது, இந்த வருஷம் எழுத்து எங்கேயும் போகாமல் பூட்டி வைத்துவிடலாம் என்றுதான் ஆசை ஆசையாக லேமினேட் செய்தாள். யாரும் கேட்காமலே செய்தாள், அதுதான் வயிற்றெரிச்சல்.

ரபேலோ இந்த வருஷம் புது மனிதராக இருந்தார். கம்பெனி அவரைப் பங்சார் ஆபீஸுக்கு மாற்றி மேசை வேலை கொடுத்திருந்தது. "இந்த வருஷம் டென்ஷனே கிடையாது மேரி. எல்லாம் முன்கூட்டியே ரெடி. நீ பாரு லா" என்று ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். பை பையாகப் பிரித்த ஒரு பைல் வாங்கினார். ஒவ்வொரு பைக்கும் அட்டை ஒட்டி, தமிழில் பெரிது பெரிதாகப் பெயர் எழுதினார். ரபேலுக்கும் தமிழ் எழுத்துக்கும் ஆகாது. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர், பேசுவது தமிழ், எழுதுவதெல்லாம் இங்கிலீஷ். சாந்தமேரிதான் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். 'கண்ணாடி' என்று எழுதிவிட்டு, கொம்பு எந்தப் பக்கம் வரும் என்று எங்கேயும் கொம்பில்லாத சொல்லுக்குக் கேட்ட மனிதர் அவர். வயதான காலத்தில் தமிழ்ப்பற்று வந்துவிட்டது என்று அவள் கேலி செய்தாள். அவர் சிரித்துவிட்டு அடுத்த அட்டையை எடுத்தார்.

சனிக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்து வந்து கம்ப்யூட்டரில் வரிப் படிவத்தை நிரப்புவதாகத் திட்டம். இன்றைக்குத் திங்கள். பைலோ காலி. சாந்தமேரி எழுந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கறுப்புத் தாள் பெரியது, விறைப்பானது. மடிக்க முடியாது, கிழிக்க முடியாது. மெத்தைக்கு அடியில் வைத்தால் நறநறவென்று சத்தம் போடும். கடைசியில் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகினாள். அளவெடுத்தது மாதிரி அங்கே உட்கார்ந்துகொண்டது. "மன்னிச்சிக்கும் ஆண்டவரே, வேற எடமில்ல" என்று படத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

ஜோகூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டாள். ஷார்மைன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மா, இது சின்ன விஷயம்மா. அப்பாகிட்ட சொல்லிருங்க" என்றாள்.

"சின்ன விஷயத்துக்குத்தான்டி போன வருஷம் விழுந்தாரு."

"அப்ப கடை கடையா போயி ரெசிட் திரும்ப எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்க. கம்ப்யூட்டர்ல இருக்கும். ஆனா ஒளிச்சு வெச்சு மாட்டிக்கிட்டா இன்னும் மோசம்மா."

மகள் கடைசியாகச் சொன்னதில் முதல் பாதி மட்டும் சாந்தமேரியின் காதில் நின்றது. மறுநாளே கிளம்பினாள். மருந்துக்கடையில் தேதி கேட்டார்கள். அவளுக்குத் தேதி தெரியாது, ஆனால் கால் வீங்கின வாரம், தீபாவளிக்கு முன்னால், என்று சொல்லச் சொல்ல கடைக்காரச் சீனப் பெண்மணி பொறுமையாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் தேநீரே கொடுத்தார்கள். கிளினிக்கில் நாளைக்கு வா என்றார்கள், நாளைக்கும் போனாள். ஒவ்வொரு ரசீதும் கைக்கு வந்ததும் போட்டோஸ்டேட் கடைக்கு ஓடி ஒரு நகல் எடுத்து, வழவழத் தாளை நகலோடு சேர்த்துப் பையில் வைத்தாள். சூடு பட்டுவிடும் என்று வெயில் பக்கம் பையைக் காட்டாமல் குடையைச் சாய்த்துக்கொண்டு நடந்தாள். பார்த்தவர்கள் பைக்குள் ஐஸ்கிரீம் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

புதன்கிழமை காலை ரபேல் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"மேரி, ஆண்டவர் படத்து பல்பு மினுக்கு மினுக்குனு அடிக்குது பாரு. படத்த எறக்கிட்டுத்தான் மாத்தணும்."

அவள் கையிலிருந்த கரண்டி சட்டியில் விழுந்தது.

"நான் மாத்துறேன். நீங்க ஏணியெல்லாம் ஏறக்கூடாது."

"ஏணி எதுக்கு? ஸ்டூல் போதும்."

"ஸ்டூலும் கூடாது. டாக்டர் என்னா சொன்னாரு?"

ரபேல் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏன் வேர்க்குது உனக்கு? காலையிலேயே" என்றார். சமையல்கட்டுச் சூடு என்று சொல்லிச் சமாளித்தாள். அவர் ஆபீஸ் போனதும் பல்பை மாற்றிவிட வேண்டும் என்று நினைத்தவள் கிளினிக்குக்கு ஓடிய ஓட்டத்தில் சுத்தமாக மறந்துபோனாள்.

மறுநாள் இன்னொரு கண்டம். ரபேல் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டாமல் பைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முன்னால் இருந்த மூன்று பைகளில் அவள் மீட்டுக்கொண்டு வந்த ரசீதுகள் இருந்தன. நாலாவது பை 'ஆஸ்பத்திரி'. அது காலி. அவர் விரல் முதல் அட்டையைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது. சாந்தமேரி வாய்க்கு வந்தபடி, "பக்கத்து புளோக்குல யாரோ செத்துட்டாங்களாம்" என்றாள்.

"யாரு?"

"தெரியல. சொன்னாங்க."

பைலை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்ப் பந்தல் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். உயிரோடு இருக்கிற யாரையோ கொன்றுதான் அன்றைக்கு அவள் தப்பித்தாள். ராத்திரி ஜெபமாலையில் அந்தப் பெயர் தெரியாத ஆளின் நீண்ட ஆயுளுக்காக ஒரு பத்து மணி கூடுதலாகச் சொன்னாள்.

மிச்சம் இருந்தது கிள்ளான் ஆஸ்பத்திரிதான். அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு. வெள்ளிக்கிழமை, கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பலகார மாவு வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினாள். பிரிக்பீல்ட்ஸில் கிடைக்காத மாவா கிள்ளானில் கிடைக்கப்போகிறது என்று அவர் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்கவில்லை. ரயில் கிள்ளானை நெருங்க நெருங்க, போன வருஷம் இதே வழியில் அப்போது லீவில் வந்திருந்த ஷார்மைனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் வந்தது ஞாபகம் வந்தது. அதே பயம்தான், இன்னும் தேயவே இல்லை.

ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில், சட்டையில் மாதவி என்று பெயர் குத்திய ஒரு பெண் இருந்தாள். சாந்தமேரி விஷயத்தைச் சொன்னாள். லேமினேட் என்றதும் மாதவிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"எடுத்துத் தரலாம் ஆன்டி. ஆனா பேஷண்ட் வரணும். இல்லன்னா அவர் சரின்னு சொல்லணும்."

"அவரால வர முடியாதும்மா. நான் ஒய்ப். இதோ என் ஐசி" என்று அடையாள அட்டையை நீட்டினாள். "கல்யாண சர்டிபிகேட் காட்டவா? லேமினேட் பண்ணி வெச்சிருக்கேன்."

"இல்ல ஆன்டி, ரூல்ஸ். ஒரு போன் போட்டு அவர்கிட்ட கேட்டுக்கிறேன், ஒரு நிமிஷம்தான்."

"வேணாம்மா. போன் மட்டும் போடாத" என்றாள் சாந்தமேரி. கை கண்ணாடித் தடுப்பைத் தாண்டி உள்ளே போய்விட்டது. "அவருக்கு ஹார்ட்டு. ஆஸ்பத்திரியிலேருந்து போன்னு கேட்டாலே ஏதாச்சும் ஆயிரும். எனக்கு ரெசிட்டே வேணாம், நான் போயிடுறேன், போன வெச்சிரு."

மாதவி ஏற்கெனவே நம்பரை அழுத்தியிருந்தாள். சாந்தமேரி கண்ணை மூடிக்கொண்டாள். பங்சாரில், மேசைக்குப் பக்கத்தில், ரபேல் சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கிறார். கிள்ளான் ஆஸ்பத்திரி என்கிறார்கள். என் பெண்சாதி அங்கே என்ன பண்ணுகிறாள் என்று எழுந்து நிற்கிறார். நெஞ்சைப் பிடிக்கிறார். எல்லாம் மூடிய கண்ணுக்குள் வரிசையாக நடந்தது.

"ஆன்டி, உங்க போன் அடிக்குது" என்றாள் மாதவி.

அவளுடைய கைப்பைக்குள்தான் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தாள். தெரியாத நம்பர். மாதவி ரிசீவரை வைத்தாள், மணி நின்றது.

"உங்க நம்பர்தான் ஆன்டி இருக்கு. மொதல்ல அவர் நம்பர் இருந்திருக்கு, அட்மிட் ஆன அன்னிக்கே அவரே மாத்தச் சொல்லியிருக்காரு. எந்த விஷயமா இருந்தாலும் ஒய்ப்கிட்டதான் கேக்கணும், ஒய்ப்கிட்டதான் சொல்லணும்னு கையெழுத்துப் போட்டிருக்காரு." திரும்பி அவளைப் பார்த்தாள். "அப்ப பேஷண்ட் சரின்னு சொல்லிட்டாருன்னு அர்த்தம். உக்காருங்க ஆன்டி."

சாந்தமேரி உட்கார்ந்தாள். அன்றைக்கு அவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டுபோகும்போது நர்சைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். தண்ணீர் கேட்கிறார் என்றல்லவா நினைத்தாள். நெஞ்சில் யானை ஏறி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மனிதர் நம்பர் மாற்றியிருக்கிறார். முப்பது வருஷமாகக் கத்திக் கத்தியே வீட்டை ஆண்டவர், தன் உயிர் சமாச்சாரத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வாயே திறக்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

மாதவி எடுத்துக் கொடுத்த தாள்களெல்லாம் கெட்டியான வெள்ளைத் தாள்கள். வெளுக்காது, கறுக்காது. வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் முதல் வேலையாக ரபேலுக்குப் போன் போட்டாள். இனி ஒளிக்க வேண்டாம், சொல்லிவிடலாம் என்று தோன்றிவிட்டது. மணி அடித்து அடித்து நின்றது. ரயில் ஏறிய பிறகும் போட்டாள். எடுக்கவில்லை. ரபேல் போனை எடுக்காத மனிதரே இல்லை, குளியலறையிலிருந்துகூட எடுத்து "குளிக்கிறேன், என்னா?" என்று கேட்பவர். ஆபீஸுக்குப் போட்டாள்.

"அங்கிள் மத்தியானமே வீட்டுக்குப் போயிட்டாரே ஆன்டி. இங்க கரண்ட் இல்ல, எல்லாரையும் அனுப்பிட்டாங்க."

ஷா ஆலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ரயில் ஊர்ந்தது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. பெண்கள் பெட்டியில் எல்லோரும் போனில் முகத்தைப் புதைத்திருந்தார்கள். அவள் மட்டும் போனைக் காதில் வைத்தபடி இருந்தாள். மத்தியானமே வீட்டுக்குப் போனவர் எங்கே? வீட்டில்தான். வீட்டில் இருப்பவர் ஏன் எடுக்கவில்லை? அப்போதுதான் பல்பு ஞாபகம் வந்தது. மாற்றவே இல்லை. ஸ்டூல் போதும் என்று சொன்ன வாய் அவருடையது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு ஊர் தூரம். ஸ்டூலிலிருந்து விழுந்து கிடக்கிறார் என்று ஒரு ஸ்டேஷன் வரை நினைத்தாள். கறுப்புத் தாளைப் பார்த்துக் கத்தி, கத்தும்போதே விழுந்து கிடக்கிறார் என்று அடுத்த ஸ்டேஷன் வரை. ஷார்மைனுக்குப் போன் போட விரல் வரவில்லை. என்ன சொல்வது, உன் அப்பாவை நான் லேமினேட் பண்ணிக் கொன்றுவிட்டேன் என்றா? கேஎல் சென்ட்ரலில் இறங்கி, குடையை விரிக்காமல், பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். லிப்ட் மேல்மாடியில் நின்றிருந்தது. காத்திருக்காமல் படியேறினாள்.

கதவு பூட்டாமல் சும்மா சாத்தியிருந்தது. கூடத்தில் இருதய ஆண்டவர் படம் தரையில் சுவரோடு சாய்ந்து நின்றது. சுவரில் புதுச் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மேசைமேல் கறுப்புத் தாள் விரிந்து கிடந்தது. நாற்காலியில் ரபேல் தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண் மூடி, ஒரு கை கீழே தொங்க இருந்தார்.

"என்னங்க" என்றாள். சத்தம் வரவில்லை. "என்னங்க" என்றாள் மறுபடி. அவர் அசையவில்லை. கிட்டே போகக் கால் வரவில்லை. போய்த் தொட்டுப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் அப்புறம் தெரியாமல் இருக்க முடியாது. ஈரப் புடவை சொட்டச் சொட்ட நடுக்கூடத்தில் நின்றாள். பிறகு போய்த் தோளைத் தொட்டாள்.

ரபேல் கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா? போன் சார்ஜ்ல கெடக்கு ரூம்ல" என்றார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் அவள் கையைப் பிடித்து எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார். கறுப்புத் தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நான் கத்துவேன்னு பயந்தியா, செத்துருவேன்னு பயந்தியா?" என்று கேட்டார் ரபேல்.

"கத்துனா செத்துருவீங்கன்னு பயந்தேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பாத்ததும் கோவம் வந்துச்சு, பொய் சொல்லல. கத்தலாம்னு வாயத் தொறந்தேன், வீட்ல ஆளில்ல. அப்பறம் உக்காந்து யோசிச்சேன். என்கிட்டேருந்து ஒளிய இவளுக்கு ஆண்டவர் முதுகு வேண்டியிருக்கே, அவ்வளவு மோசமானவனா நான்?"

இல்லை என்று சாந்தமேரி சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. பையிலிருந்து வெள்ளைத் தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். எங்கே போனாள், யாரைக் கேட்டாள், எல்லாம் சொன்னாள். கடைசியில், "என் நம்பர ஏன் குடுத்தீங்க?" என்றாள்.

"அவங்க என்னா சொன்னாலும் என்னால தாங்க முடியாது. நீ தாங்குவ."

அதோடு எழுந்து போய் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். நாளைக்குத்தானே என்றாள். இன்றைக்கே ஆகட்டும் என்றார். நாற்காலியை இழுத்து அவள் முன்னால்தான் லேப்டாப்பை வைத்தார், மவுஸை அவள் கைப்பக்கம் நகர்த்தினார். பைலை விரித்தார். மருந்து, கண்ணாடி, கிளினிக், ஆஸ்பத்திரி, சம்பளம். கோணல்மாணலான பெரிய பெரிய தமிழ் எழுத்துகள், சுழியும் காலும் தடுமாறி நின்றன. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி இருந்தது.

"எதுக்கு என் முன்னாடி வெக்கிறீங்க? எனக்கு என்னா தெரியும்?"

"நான் பக்கத்துல இருக்கும்போதே பண்ணிப் பழகிக்க."

அவள் அந்த எழுத்துகளைப் பார்த்தாள். இந்த வீட்டில் தமிழ் எழுத்தை வேகமாகப் படிப்பது யார்? அவர் இல்லை. ஷார்மைன் இல்லை. ஜனவரியிலிருந்து ராத்திரி ராத்திரி உட்கார்ந்து இந்தப் பைலை அவர் தனக்காகச் செய்யவில்லை. தான் இல்லாத ஒரு ஏப்ரலில், தனியாக இந்த மேசையில் உட்காரப்போகிறவளுக்காகச் செய்திருக்கிறார். டென்ஷனே கிடையாது என்று அவர் சொன்னது அவளுடைய டென்ஷனை. ஒரு வாரமாக அவள் பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மவுஸிலிருந்து கையை உதறி எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு வேணாம். நான் கத்துக்கிட்டா நீங்க போயிருவீங்க."

"கத்துக்கலன்னா மட்டும் இருந்துருவேனா?" என்றார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு மேரி. ராத்திரி நீ தூங்குறப்ப எல்லாம் முழிச்சிக்கிட்டுத்தான் கெடக்கிறேன். உனக்கு இது தெரியும்னா ஒரு பயம் கொறையும். அவ்வளவுதான்."

முப்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்து அவள் கேட்டதில்லை. வெளியே மழை விட்டிருந்தது. மோனோரயில் போகிற சத்தம் கேட்டது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மவுஸ்மேல் கையை வைத்தாள்.

"மெதுவாச் சொல்லுங்க. எனக்கு ஒரே வருஷத்துல ஏறாது."

"சரி. அடுத்த வருஷமும் சொல்றேன்."

"ரெண்டு வருஷமும் பத்தாது. வருஷா வருஷம் பக்கத்துல உக்காந்து சொல்லித் தரணும். நான் மண்டு."

ரபேல் நாற்காலியை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டினார். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் திறந்தது.

"மொதல்ல ஐசி நம்பர் போடு."

"யாரோட நம்பர்?" என்று கேட்டாள்.

"என்னுதுதான் லா" என்றார். "நான் இன்னும் இருக்கேன்ல."

அவள் ஒவ்வோர் எண்ணாகத் தேடித் தேடித் தட்டினாள்.